வசதி இல்லாத வீடு

9 ஜூன் 2024, ஞாயிறு

காலையில் கருணாகரன் போன். மூன்றாவது வருஷமாக அதே பேச்சு. பிள்ளைகள் படிப்பு விஷயம், உங்களைத்தான் நம்பியிருக்கிறேன் என்றார். நம்பாமல் என்ன செய்வார்? சம்பளம் கேட்காத ஆள் வேறு எங்கே கிடைப்பாள்?

தி. நகரில் அவருக்கு நாலு மாடி ஜவுளிக்கடை. மூன்றாவது மாடியில் பட்டுப் பிரிவுக்குப் பின்னால் ஓர் அறை, அதுதான் அவர் அம்மா பெயரில் நடக்கும் 'பேச்சியம்மாள் கல்வி அறக்கட்டளை'. ஃபீஸ் கட்ட வழியில்லாமல் வரும் பிள்ளைகள், முகூர்த்தப் பட்டு எடுக்கும் கல்யாணக் கூட்டத்தைத் தாண்டித்தான் அந்த அறைக்கு வர வேண்டும். தெரிந்தே அங்கே வைத்தாரோ என்னவோ.

அரசாங்க உதவித்தொகை என்று ஒன்று உண்டு. அது வருவதற்குள் தீபாவளி தாண்டிவிடும். கல்லூரிக்காரனுக்கு அதுவரை பொறுமை கிடையாது, முதலில் கட்டு என்பான். ஆகவே இந்த நாட்டில் ஒரு பெண் காலேஜுக்குப் போக வேண்டுமானால் யாராவது ஒரு ஜவுளிக்கடைக்காரரின் அம்மா செத்துப்போயிருக்க வேண்டும்.

என் வேலை வீட்டைப் பார்ப்பது. விண்ணப்பித்த பிள்ளையின் வீட்டுக்கு நேரில் போய், நிஜமாகவே கஷ்டப்படுகிறார்களா என்று பார்த்து எழுத வேண்டும். ஏசி, மோட்டார் சைக்கிள், ஃபிரிட்ஜ். இந்த மூன்றும் 'வசதிப் பொருட்கள்'. ஒன்று இருந்தாலும் உதவி கிடையாது. டிவி இருக்கலாம். அவர் கடை விளம்பரம் அதில்தானே வருகிறது.

சரி என்றேன். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறேன்.

12 ஜூன், புதன்

அறக்கட்டளை மேனேஜர் பாலகணேஷ் விண்ணப்பங்களைக் கொண்டுவந்து கொடுத்தான். எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும் போட்டோவில் ஒரு சிரிப்பு கிடையாது. சிரித்தால் கிடைக்காது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

23 ஜூன், ஞாயிறு

ஆதம்பாக்கம். ஒரு பையன், இன்ஜினீயரிங். வண்டி கிடையாது மேடம் என்றான். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஹெல்மெட் தொங்குகிறது. அது எதற்கப்பா என்று கேட்டேன். மழைக்கு என்றான்.

பொய் சொல்லட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்துச் சொல்லக்கூடாதா? இவன் இன்ஜினீயராகிப் பாலம் கட்டப்போகிறான்.

பேங்கில் இருந்த காலத்தில் எனக்கு இதுதான் பிழைப்பு. கடன் வாங்கிய வியாபாரியின் கோடவுனுக்குப் போய், சொன்ன சரக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்கத்துக் கடை மூட்டைகளை ஒரு நாள் இரவல் வாங்கி அடுக்கி வைத்திருப்பான். மூட்டையில் படிந்திருக்கும் தூசியைப் பார்த்தே சொல்லிவிடுவேன், இது நேற்று வந்த மூட்டை என்று. அங்கே இல்லாததைக் கொண்டுவந்து வைத்தார்கள். இங்கே இருப்பதைக் கொண்டுபோய் மறைக்கிறார்கள். இரண்டும் ஒரே ரக ஆள்தான்.

30 ஜூன், ஞாயிறு

சிந்தாதிரிப்பேட்டை. இன்றைக்கு நடந்ததைக் கொஞ்சம் விவரமாக எழுதலாம், அத்தனை வேடிக்கை.

பெண் பெயர் தீபிகா. ப்ளஸ் டூவில் நல்ல மார்க். பிசியோதெரபி படிக்க வேண்டுமாம். அரசுப் பள்ளியில் படித்திருந்தால் ஏதோ சலுகை உண்டு, இவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி, அதனால் அதுவும் இல்லை. சீட் கிடைத்தால் முதல் வருஷக் கட்டணத்தை அறக்கட்டளை கட்ட வேண்டும். அப்பா கபாலி, லோடு ஆட்டோ. அம்மா தங்கம், வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறாள்.

கூவத்திலிருந்து நாலு சந்து தள்ளி, ஒற்றை அறையும் ஒரு சமையல் மறைப்பும். நானும் பாலகணேஷும் நுழையும்போதே தரையெல்லாம் ஈரம், அப்போதுதான் கழுவியிருக்கிறார்கள். நான் சுவரைத்தான் பார்த்தேன். ஆள் உயரத்தில் ஒரு ஸ்டெபிலைசர், பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. அதற்குக் கீழே சுவரில் ஒரு நீளச் சதுரம் மட்டும் புது பெயின்ட் மாதிரி பளிச்சென்று. தரையில் நாலு மூலையில் நாலு பள்ளம்.

இங்கே என்ன இருந்தது என்றேன். பீரோ என்றாள் தங்கம். பீரோவுக்கு எதற்கம்மா ஸ்டெபிலைசர் என்றேன். அந்தப் பெண் தீபிகா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்காவது தெரிந்திருக்கிறது.

நான் சும்மா விடவில்லை. தாகமாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்குள் போனேன். வஜீஹா என்று ஒரு பெண், கைக்குழந்தையோடு. பதறிப்போய் சில்லென்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் கூடத்தில் இரண்டு ஃபிரிட்ஜ், கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒன்றின் கதவில் மாரியம்மன் ஸ்டிக்கர். குங்குமம் வேறு வைத்திருக்கிறது.

இந்த வீட்டில் மாரியம்மன் எப்போது வந்தாள் என்று கேட்டேன். பாலகணேஷ் சிரித்துவிட்டான். வஜீஹா வாயே திறக்கவில்லை. கதவைத் திறந்து பார்த்தேன். தட்டு தட்டாக மாவு பாக்கெட்.

வெளியே தங்கம் நின்றாள். "அது சம்பாரிக்கிற பொட்டிம்மா. அது இல்லாங்காட்டி மாவு புளிச்சிடும். சோக்குக்கு வெச்சிக்கினு இல்ல" என்றாள். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். பொய் சொல்கிற வீட்டுக்கு உதவி கிடையாது என்று அந்தச் சந்தில் நாலு பேர் கேட்கத்தான் சொன்னேன்.

திரும்பி வரும்போது பாலகணேஷ் வியந்துகொண்டே வந்தான். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. கண் இன்னும் மங்கவில்லை.

2 ஜூலை, செவ்வாய்

கருணாகரன் போனிலேயே விழுந்து விழுந்து சிரிக்கிறார். மாரியம்மன் ஸ்டிக்கர் வரும் இடத்தை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். ஃபிரிட்ஜ் இருக்கிற வீட்டில் கஷ்டம் எப்படியம்மா இருக்கும் என்றார். அவர் வீட்டில் பூ வைப்பதற்கென்றே ஒரு ஃபிரிட்ஜ் உண்டு.

7 ஜூலை, ஞாயிறு

அடையாறில் தம்பி ஹரி வீட்டில் சாப்பாடு. அவன் பிள்ளை சாய்சரணுக்கு வடக்கே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அமெரிக்கப் பாணியாம். கட்டணமும் அமெரிக்கப் பாணிதான். ஆனால் குடும்பம் கஷ்டப்படுகிறது என்று தெரிந்தால் பாதிக்கு மேல் குறைத்துக்கொள்வார்களாம்.

நீங்கள் எங்கே கஷ்டப்படுகிறீர்கள் என்று கேட்டேன். ஹரி சிரித்தான். "எல்லாரும் அப்ளை பண்றா அக்கா. நாம மட்டும் ஏன் முழுசா கட்டணும்?" என்றான். இதற்கென்று அடையாறில் ஓர் ஆலோசகர் இருக்கிறாராம். கஷ்டப்படுகிற மாதிரி விண்ணப்பிக்கச் சொல்லிக்கொடுப்பவர். அவருக்குக் கொடுக்கும் ஃபீஸ் கேட்டால் மயக்கம் வரும்.

பல்கலைக்கழகத்தில் வீட்டைப் பார்க்க ஆள் அனுப்ப மாட்டார்கள். பெற்றோரோடு வீடியோவில் பேசுவார்கள். பின்னால் என்ன தெரிகிறது என்பது முக்கியம் என்று ஆலோசகர் சொல்லியிருக்கிறார். அடையாறு ஃப்ளாட்டில் எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் பளபளக்கிறது. அதனால் அடுத்த ஞாயிறு என் வீட்டில் வந்து உட்கார்ந்து பேசலாமா என்று கேட்டான். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுப் பக்கம் அப்பா விட்டுப்போன பழைய தரைத்தள வீடு. சுவரெல்லாம் உப்புப் பூத்து உதிர்கிறது. ஹரிக்கு அந்தச் சுவர் இப்போதுதான் உபயோகப்படுகிறது. வெள்ளையடிக்கப் பாதிப் பணம் கேட்டபோது காதில் விழாதவன்.

14 ஜூலை, ஞாயிறு

வந்தார்கள். ஹரி, அவன் மனைவி ஸ்ரீலக்ஷ்மி, சாய். ஸ்ரீலக்ஷ்மி வைரத்தோட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். வந்ததும் என் பீரோவைத் திறந்து பழைய சுங்குடிப் புடவை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டாள். சுவரைத் தடவிப் பார்த்து, "உங்காத்துச் சுவர் ரொம்ப நன்னா இருக்கு அக்கா" என்றாள். இந்த வீட்டை அவள் பாராட்டியது இதுவே முதல் தடவை.

சோபா வேண்டாம் என்றார்கள், உள்ளே போயிற்று. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. சாய் போனில் பார்த்துவிட்டு, "அத்தை, ஃபிரிட்ஜ் தெரியறது" என்றான். என் சமையலறை சிறிசு, ஃபிரிட்ஜ் கூடத்தில்தான் இருக்கிறது. ஹரியும் எங்கள் கட்டடத்து வாட்ச்மேனும் அதைத் தள்ளிக்கொண்டு போய் எதிர்வீட்டு மாமி ஆத்தில் வைத்தார்கள். நான் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன விஷயம் என்று மாமி கேட்டாள். பெயின்ட் அடிக்கறா மாமி என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது வாயில்.

திரையில் ஒரு பெண், ரொம்ப மரியாதையாகப் பேசினாள். ஹரி அக்கா வீட்டில் கூட்டுக்குடும்பமாக இருக்கிறோம் என்றான். தொழிலில் நஷ்டம் என்றான். ஸ்ரீலக்ஷ்மி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அதுவும் சொல்லிக்கொடுத்ததாக இருக்கும். சாய் எதற்காகப் படிக்கப்போகிறான் தெரியுமா? நம் நாட்டில் வறுமை ஏன் போகவில்லை என்று ஆராய்ச்சி செய்யப்போகிறானாம். இங்கிலீஷில் அழகாகச் சொன்னான். அந்தப் பெண் தலையாட்டினாள்.

முடிந்ததும் மூன்று பேரும் ஹோட்டலில் சாப்பிட வா என்று கூப்பிட்டார்கள். தலைவலி என்றேன். சோபாவை இழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். ஃபிரிட்ஜை மறந்துவிட்டார்கள்.

15 ஜூலை, திங்கள்

காலையில் மோருக்குத் தயிர் இல்லை. தயிர் என் ஃபிரிட்ஜில். ஃபிரிட்ஜ் மாமி ஆத்தில்.

போனேன். கூடத்தில் இரண்டு ஃபிரிட்ஜ் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒன்றில் திருப்பதிப் பெருமாள் காந்தம், என்னுடையது. மாமி, "பெயின்ட் வாசனையே வரலையேடி" என்றாள்.

தயிர்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். சே.

அந்த வஜீஹா ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் மாமியிடம் வாயடித்தேன். அவர்கள் ஒரு பெண்ணின் படிப்புக்கு மறைத்தார்கள், அதுவும் சம்பாதிக்கிற பெட்டியை. இவன் எதற்கு மறைத்தான்? மிச்சம் பிடித்து அந்தப் பணத்தில் இன்னொரு கார் வாங்குவான். அவர்களைச் சந்தில் நிறுத்தி மானத்தை வாங்கினேன். இவனுக்குக் கதவைப் பிடித்தேன். நீரஜா, உனக்கு வெட்கமே இல்லையா?

ஹரிக்கு போன் செய்து திட்டினேன். "ஏன்க்கா டென்ஷன் ஆறே, ஆள் அனுப்பறேன்" என்றான். ஃபிரிட்ஜுக்குத்தான் கோபம் என்று நினைத்துக்கொண்டான்.

28 ஜூலை, ஞாயிறு

சாய்க்குச் சலுகை கிடைத்துவிட்டது. பாதிக்கு மேல். ஸ்ரீலக்ஷ்மி நெய் மைசூர்பாகு கொடுத்தனுப்பியிருக்கிறாள், வேலைக்காரியிடம். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எறும்புக்கு.

4 ஆகஸ்ட், ஞாயிறு

அறக்கட்டளை விழா, தி. நகரில் ஒரு கல்யாண மண்டபம். உதவி பெறும் பெண்களுக்கெல்லாம் ஒரே டிசைன் புடவை, கடையில் விற்காமல் நின்றது. ஆளுயர அட்டை செக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக நிற்க வேண்டும். பின்பு மைக்கில் நன்றி. பேச்சியம்மாள் பாட்டியை இவர்கள் யாரும் பார்த்தது கிடையாது, ஆனால் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர்.

எனக்குப் பொன்னாடை. அதோடு விட்டிருந்தால் தேவலை. கருணாகரன் மைக்கைப் பிடித்தார். சிந்தாதிரிப்பேட்டையில் மாவு விற்கிற ஓர் அம்மா என்று ஆரம்பித்தார். ஸ்டெபிலைசர், நாலு பள்ளம், மாரியம்மன், ஒன்றையும் விடவில்லை. மண்டபம் முழுக்கச் சிரிப்பு. நம்ம நீரஜா அம்மா கண்ணிலிருந்து யாரும் தப்ப முடியாது என்று முடித்து, என்னை எழுந்து நிற்கச் சொன்னார்.

எழுந்து நின்றேன். பொன்னாடையோடு. கையை வேறு கூப்பினேன்.

பாலகணேஷ் அதை வீடியோ எடுத்துக் கடை பெயரில் எல்லா இடத்திலும் போட்டுவிட்டான். சிந்தாதிரிப்பேட்டையில் மாவு வாங்குகிறவர்களிடம் போன் இருக்காதா என்ன?

6 ஆகஸ்ட், செவ்வாய்

கடைக்குப் போய்க் கருணாகரனைப் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்குக் கொடுங்கள், அது தொழிலுக்கு வைத்திருக்கிற ஃபிரிட்ஜ், உங்கள் கடையில் லிஃப்ட் இருக்கிற மாதிரி என்றேன். பொய் சொன்னார்களே அம்மா என்றார்.

உண்மையைச் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பீர்களா என்று கேட்டேன்.

"ஃபிரிட்ஜ் இருந்தா எப்படிம்மா குடுப்பேன்? சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தானம்மா. நீங்கதானே கண்டுபிடிச்சீங்க" என்றார்.

கேலியில்லை. நிஜமாகவே அவருக்கு அதில் ஒரு கோணலும் தெரியவில்லை. இருந்தால் இல்லை, மறைத்தாலும் இல்லை. பிறகு அந்தப் பெண் என்னதான் செய்வது? மாவைப் புளிக்க விட்டுவிட்டுப் பிச்சைக்கு வர வேண்டும், அப்போது அட்டை செக் தருவார். காபி வரவழைத்தார். குடித்துவிட்டு வந்தேன். வேறென்ன கிழித்தேன்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

தனியாகச் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனேன். கைப்பையில் என் செக் புத்தகம். ஆட்டோ தவணை தவறியதில் கபாலி பெயருக்கு எந்த பேங்கும் கல்விக்கடன் தராது, அது விண்ணப்பத்தைப் பார்த்தே எனக்குத் தெரியும். நானே கட்டிவிடுகிறேன் என்று சொல்வதற்குத்தான் போனேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை வேறு.

ஃபிரிட்ஜ் அதன் இடத்தில் இருந்தது. தங்கம் வாசலில் உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவில்லை. நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டாள்.

"உங்க துட்டு வாணாம்மா. மாவு வாங்க வர்ற புள்ளைங்கல்லாம் மாரியாத்தா வூட்ல கீதான்னு கேட்டு சிரிக்குதுங்க. இன்னா பண்ணிட்டோம் நாங்க? யார் வூட்லயாவது திருடினோமா?"

நான் தப்பு செய்துவிட்டேன் என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து எத்தனையோ வருஷமாகிறது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தீபிகா உள்ளே இருந்து வந்தாள். அன்றைக்குத் தலை குனிந்தவள் இன்றைக்கு நேராகப் பார்த்தாள். "மேடம், உங்ககிட்ட வாங்கினா ஆயுசுக்கும் உங்க மூஞ்சைப் பார்க்கும்போதெல்லாம் நான் சிரிக்கணும். அறக்கட்டளைன்னா ஒரு நாள் மேடையில நின்னா முடிஞ்சிடும். எனக்கு அதுதான் சரி" என்றாள்.

வஜீஹா அவள் வீட்டு வாசலில் குழந்தையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை யாரும் தண்ணீர் தரவில்லை.

ஆட்டோவில் வரும்போது முதலில் கோபம்தான் வந்தது. கொடுப்பதை வாங்கிக்கொள்ளத் தெரியாத ஜென்மங்கள் என்று. மயிலாப்பூர் வருவதற்குள் அது போய்விட்டது. நன்றி சொல்லச் சொல்லிக் கேட்டால்தான் கருணாகரனா? நானும் அவளிடம் அதைத்தானே வாங்கப் போனேன், செக்கைக் காட்டி.

27 செப்டம்பர், வெள்ளி

தீபிகாவுக்குக் கவுன்சிலிங்கில் சீட் கிடைத்ததாம். கெடுவுக்குள் கட்ட முடியாமல் போய்விட்டது என்று பாலகணேஷ் சொன்னான், மழை வரும் போலிருக்கிறது என்பதைச் சொல்கிற குரலில்.

22 டிசம்பர், ஞாயிறு

சாய் லீவுக்கு வந்திருக்கிறான். சபா கேன்டீனில் கீரை வடை வாங்கிக் கொடுத்தேன், வேறு எங்கே போவது இந்த மார்கழியில். மெஸ் சாப்பாடு சகிக்கவில்லையாம். வறுமையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறான். தலைப்பைச் சொன்னான், புரியவில்லை. தெரிந்த ஏழை யாரையாவது போய்ப் பார்த்தாயா என்று கேட்டேன். ஆன்லைனில் எல்லாத் தகவலும் கிடைக்கிறது அத்தை என்றான்.

வைரத்தோடு திரும்பவும் ஸ்ரீலக்ஷ்மி காதில். சபாவில் முன் வரிசை.

5 ஜனவரி 2025, ஞாயிறு

அண்ணா சாலையில் ஒரு மருந்துக்கடையில் தீபிகாவைப் பார்த்தேன். நீலக் கோட்டு. இருமல் மருந்து கேட்டேன், யாருக்கு என்று கேட்டாள், எனக்கு என்றேன். சுகர் இருக்கா என்றாள். இருக்கிறது என்றேன். வேறு பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அவ்வளவுதான் பேச்சு.

வெளியே வந்து நடைபாதையில் நின்றேன். திரும்பிப் போய், இந்த வருஷமும் விண்ணப்பம் போடு என்றேன். "போட்டா நீங்கதானே வருவீங்க?" என்றாள். ஆமாம், நான்தான் வருவேன் என்றேன். அவள் அடுத்த ஆளுக்கு மருந்து எடுக்கப் போய்விட்டாள்.

10 ஜூன், செவ்வாய்

விண்ணப்பங்கள் வந்தன. அவளுடையது இருக்கிறது. போட்டோவில் லேசாகச் சிரிக்கிறாள், திமிர்தான்.

கருணாகரனுக்குப் பெயர் ஞாபகம் இருக்கிறது. அந்த மாவு வீடா, மறுபடியுமா என்றார். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். நீங்களே போய்ப் பாருங்கம்மா, உங்க கண்ணுக்குத் தப்பாது என்றார். மேடைக் கதைக்கு இரண்டாம் பாகம் கிடைக்கும் என்று நினைத்திருக்கலாம்.

28 ஜூன், சனி

நாளைக்குச் சிந்தாதிரிப்பேட்டை, பாலகணேஷோடு. நான் இன்றைக்கே போனேன், தனியாக. கைப்பையில் ஸ்க்ரூடிரைவர்.

தங்கம் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஃபிரிட்ஜை எடுத்தால் மட்டும் போதாது, ஸ்டெபிலைசரையும் கழற்ற வேண்டும் என்றேன். திரும்பிப் பார்த்தாள். சுவரில் தெரியும் சதுரத்துக்குப் பெரிய காலண்டராகப் பார்த்து மாட்டச் சொன்னேன். தரைப் பள்ளத்தின் மேல் மாவுக் கிரைண்டரை நகர்த்தி வைக்கச் சொன்னேன். அது பட்டியலில் இல்லை, கருணாகரனுக்கு யோசனை போகவில்லை. தரையைக் கழுவாதே என்றேன், கழுவினால்தான் சந்தேகம் வரும். பேங்கில் எத்தனை திருடர்களிடம் பாடம் கற்றிருக்கிறேன்.

கபாலி ஸ்டெபிலைசரைக் கழற்றினார். பொட்டியை போன தபா மாதிரி வஜீஹா வூட்ல வெச்சிடலாமா என்று கேட்டார். அங்கே கூடாது, பாலகணேஷ் அங்கேதான் முதலில் போவான், நான்தானே அவனுக்குக் காட்டிக்கொடுத்தேன் என்றேன்.

"அப்ப எங்கதாம்மா வெக்கறது?" என்றாள் தங்கம்.

உங்கள் வண்டி இருக்கிறதா என்று கபாலியைக் கேட்டேன்.

29 ஜூன், ஞாயிறு

பாலகணேஷ் உள்ளே நுழைந்ததும் சுவரைத்தான் பார்த்தான், நல்ல மாணவன். பிறகு தாகமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வஜீஹா வீட்டுக்குப் போனான். திரும்பி வந்து, ஒரு ஃபிரிட்ஜ்தான் மேடம், சாமி படம் எதுவும் இல்லை என்றான், கொஞ்சம் ஏமாற்றமாக. தீபிகா தலையைக் குனிந்து நின்றாள். குனியச் சொல்லி நான் சொல்லவில்லை. அவளாகத்தான்.

'வசதிப் பொருள் எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கண்ணை நம்பி கருணாகரன் கட்டுவார். ஆகஸ்டில் அந்தப் பெண் விற்காத டிசைன் புடவை கட்டிக்கொண்டு மேடையில் நிற்பாள். ஒரு நாள்தான்.

சாயங்காலம் தங்கம் மயிலாப்பூருக்கு வந்தாள், மாலை வியாபாரத்துக்கு மாவு எடுத்துப்போக. பாக்கெட்டுகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஸ்ரீலக்ஷ்மி வந்தாள். சாய்க்கு இந்த வருஷச் சலுகையைப் புதுப்பிக்கத் திரும்பவும் வீடியோவில் பேச வேண்டுமாம், அடுத்த ஞாயிறு சுவர் வேண்டுமாம். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னக்கா இது, கூடத்துல ரெண்டு ஃபிரிட்ஜ்?"

மாரியம்மன் குங்குமத்தோடு என் பெருமாளுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். தங்கம் கூடையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

அவா ஆத்துல பெயின்ட் அடிக்கறா என்றேன். அடுத்த வாரம் இங்கேயும் அடிக்கப்போறா, சுவர் கிடைக்காது.